குறைந்த மின்சாரம், கூடுதல் சூடு: ஓவர்கிளாக்கிங்கில் ப்ராசஸர் வெப்பநிலையைக் கையாள்வது

2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனத்தின் ஐவி பிரிட்ஜ் ப்ராசஸர்கள் சந்தைக்கு வந்தன. முந்தைய சாண்டி பிரிட்ஜ் தலைமுறையின் கோர் ஐ7-2600கே, 32 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. அதற்குக் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 95 வாட். புதிய ஐ7-3770கே 22 நானோமீட்டர். 77 வாட் மட்டுமே. குறைவான மின்சாரத்தில் ஓடும் சிப் குளிர்ச்சியாகவும் இருக்கும், ஆகவே அதை இன்னும் வேகமாக ஓட்டலாம் என்று, ப்ராசஸரைக் குறிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்கில் ஆர்வமுள்ளவர்கள் கணக்குப் போட்டார்கள். நடந்தது நேர்மாறு. அதே கூலரை மாட்டி, வேகத்தை 4.5 ஜிகாஹெர்ட்ஸ் அளவுக்குக் கொண்டுபோனவர்கள், பழைய சிப்பைவிடப் புதியது பல டிகிரி கூடுதலாகச் சூடாவதைக் கண்டார்கள்.

குறைவாகச் சூட்டை வெளியிடும் ஒன்று, அதிக வெப்பநிலையைக் காட்டுவது எப்படி? ஓவர்கிளாக்கிங்கில் வெப்பநிலையைக் கையாள நினைக்கும் எவரும் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன். விடை தெரியாதவர்கள்தான், டிகிரி ஏறினால் இன்னும் பெரிய கூலர் வாங்குவது ஒன்றே வழி என்று பணத்தைக் கொட்டுகிறார்கள்.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. ப்ராசஸர் நொடிக்கு எவ்வளவு ஆற்றலைச் சூடாக வெளியேற்றுகிறது என்பதை வாட்டில் அளக்கிறோம். அந்தச் சூடு வெளியே போக முடியாமல் உள்ளே எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பதன் அடையாளமே திரையில் தெரியும் டிகிரி. ஐவி பிரிட்ஜில் சூட்டின் அளவு குறைந்தது உண்மை. ஆனால் அது வெளியேற வேண்டிய பரப்பும் சுருங்கிவிட்டது. நான்கு கோர் (கணக்கிடும் மையம்) கொண்ட சாண்டி பிரிட்ஜின் சிலிக்கான் பரப்பு சுமார் 216 சதுர மில்லிமீட்டர். ஐவி பிரிட்ஜில் அது சுமார் 160. வாட்டைப் பரப்பால் வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமக்க வேண்டிய சூடு புதிய சிப்பில்தான் சற்று அதிகம்.

இதைவிடப் பெரிய காரணம் உலோக மூடிக்குள் மறைந்திருந்தது. சாண்டி பிரிட்ஜில் சிலிக்கானையும் அதன் மேலுள்ள செம்பு மூடியையும் இண்டியம் பற்றாசினால் ஒட்டவைத்திருந்தார்கள். ஐவி பிரிட்ஜில் அந்த இடத்தில் சாதாரண தெர்மல் பேஸ்ட் வந்தது. வெப்பக் கடத்துதிறன் என்ற எண், செம்புக்கு ஏறக்குறைய 400. இண்டியத்துக்கு 80ஐ ஒட்டி. நல்ல பேஸ்டுக்கும்கூடப் பெரும்பாலும் 10க்குள்தான். பொறுமையும் துணிச்சலும் உள்ளவர்கள் சவரக்கத்தியாலும் பட்டறை வைஸாலும் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பேஸ்டை மாற்றிப் பார்த்தார்கள். பத்து டிகிரியும் அதற்கு மேலும் வெப்பநிலை இறங்கியது. அவர்களில் சிலர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். மூடியைப் பலகையோடு ஒட்டியிருந்த கறுப்புப் பசையின் தடிப்பு, மூடியைச் சிலிக்கானிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்திருந்தது. அந்த மெல்லிய இடைவெளியைப் பேஸ்ட் நிரப்ப வேண்டியிருந்ததுதான் கோளாறின் பெரும்பகுதி. பேஸ்டின் தரம் அதற்கு அடுத்தபடிதான். பற்றாசு, இன்டெலின் பொதுவான டெஸ்க்டாப் வரிசைக்கு 2018 அக்டோபரில் கோர் ஐ9-9900கேயோடுதான் திரும்பியது.

திருவிழா முடிந்து கூட்டம் கலையும்போது, கோயிலுக்கு வெளியே எவ்வளவு அகலமான தெரு இருந்தாலும் உள்வாசல் குறுகலாக இருந்தால் நெரிசல் உள்ளேதான். கூலர் என்பது வெளியே உள்ள தெரு. சிலிக்கான், அதன் மேல் ஒட்டு, மூடி, மீண்டும் பேஸ்ட் என்ற முதல் சில மில்லிமீட்டர்தான் உள்வாசல்.

வேகத்தின் விலை

அப்படியானால் உள்ளே கூடும் சூட்டையே குறைக்க முடியுமா? முடியும். அதற்கு முதலில், சூடு எதனால் கூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சிப்பில் செலவாகும் மின்திறன் கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறுகிறது. வேகத்தை மட்டும் கூட்டினால் சூடு மெதுவாகத்தான் கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல், கூடுதல் வோல்டேஜ் கொடுக்காமல் டிரான்சிஸ்டர்கள் அந்த வேகத்தில் பிழையின்றி இயங்குவதில்லை. அந்த இடத்திலிருந்து கணக்கு கொடூரமாகிறது.

எண்களாகவே பார்ப்போம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் இன்றைய சிப்புகளின் போக்குக்கு நெருக்கமானவை. 4.7 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.20 வோல்ட்டில் ஒரு ப்ராசஸர் 150 வாட் எடுப்பதாகக் கொள்வோம். 25 டிகிரி உள்ள அறையில் அதன் வெப்பநிலை 75 டிகிரி. அதாவது 150 வாட்டுக்கு 50 டிகிரி ஏற்றம். வாட்டுக்கு மூன்றில் ஒரு டிகிரி. இப்போது அதை 5.1 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக 1.38 வோல்ட் தேவைப்படுகிறது. வேகம் கூடியது சுமார் எட்டரை சதவீதம். வோல்டேஜின் வர்க்கத்தையும் சேர்த்துப் பெருக்கினால் மின்திறன் 43 சதவீதம் கூடி 215 வாட்டைத் தொடுகிறது. ஏற்றம் 72 டிகிரி, வெப்பநிலை 97.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பணம் செலவழித்து இன்னும் பெரிய கூலர் வாங்குவது. அது மொத்த வெப்பத் தடையை வாட்டுக்கு 0.33 டிகிரியிலிருந்து 0.30க்கு இறக்கினால், 215 வாட்டில் ஆறு ஏழு டிகிரி குறையும். இன்னொன்று, கடைசி 200 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுத்து 4.9 ஜிகாஹெர்ட்ஸில் நிற்பது. அதற்கு 1.25 வோல்ட் போதுமானால் மின்திறன் 170 வாட். வெப்பநிலை 97லிருந்து 82க்கு வந்துவிடும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் இரண்டு எண்களை மாற்றியதற்கு 15 டிகிரி. கடையில் விற்கும் எந்தக் கூலரும் இதற்கு ஈடாகாது.

உண்மை நிலவரம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் மோசம். டிரான்சிஸ்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்ட நிலையிலும் சிறிது மின்னோட்டம் கசிகிறது. சூடு ஏற ஏற அந்தக் கசிவும் ஏறுகிறது. சூடு கசிவைக் கூட்ட, கசிவு சூட்டைக் கூட்ட, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும். 1974இல் ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் ஒரு விதியை எடுத்துரைத்தார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால் பரப்பளவுக்கான சூடு மாறாது என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் தொழில்துறை அதன் மேல் ஓடியது. கசிவு மின்னோட்டம்தான் அந்த ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2004இல் வந்த 90 நானோமீட்டர் பிரெஸ்காட் பென்டியம் 4, தன் சூட்டுக்காகவே பேர்பெற்றது. 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

1998இல் இன்டெலின் செலரான் 300ஏ ப்ராசஸரை வாங்கியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ப்ராசஸரை மதர்போர்டோடு இணைக்கும் பஸ் என்ற தடத்தின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடும். பெரும்பாலான சிப்புகள் அதற்குத் தயங்கவேயில்லை. ஐம்பது சதவீத வேகம், ஏறக்குறைய இலவசமாக. இன்று அப்படி எஞ்சியிருப்பது எதுவும் இல்லை. தயாரிப்பாளர்களே சிப்பை அதன் விளிம்புக்குத் தள்ளித்தான் பெட்டியில் போடுகிறார்கள். கோர் ஐ9-13900கேயின் அடிப்படை மின்திறன் 125 வாட். உச்ச வேகத்தில் 253 வாட். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் என்று குறிக்கப்பட்டாலும், மதர்போர்டில் சிப் பொருந்தும் சாக்கெட்டில் 230 வாட் வரை எடுக்கும். 95 டிகிரியில் ஓடுவது அந்தச் சிப்பின் இயல்பான வடிவமைப்பே என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொன்னது. எனவே இன்று ஓவர்கிளாக்கிங் என்பது பெரும்பாலும் எஞ்சியுள்ள சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கான போராட்டம். அதில் வெல்பவர், வோல்டேஜைக் குறைத்துச் சூட்டில் இடம் உண்டாக்கிக்கொண்டவர்தான்.

ஏறும் விதத்தைப் பாருங்கள்

பலர் சோதனை ஓடி முடிந்ததும் உச்ச வெப்பநிலை என்ன என்று மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணைவிட, அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது பல மடங்கு பயனுள்ள தகவல். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சினிபெஞ்ச் அல்லது பிரைம்95 சோதனையைத் தொடங்குங்கள்.

முதல் ஓரிரு நொடிகளில் வெப்பநிலை செங்குத்தாகப் பாயும். முப்பது நாற்பது டிகிரி தாவுவதுகூடச் சாதாரணம். அதன் பிறகு வரைபடம் சாய்ந்து, நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி, ஓரிடத்தில் நிலைபெறும். இவை இரண்டும் வெவ்வேறு கதைகள். முதல் பாய்ச்சல் நடக்கும்போது கூலரின் செம்பும் அலுமினியமும் நீரும் இன்னும் சூடாகவேயில்லை. அந்தக் கணத்தில் தெரிவது முழுக்க முழுக்கச் சிலிக்கானுக்கும் கூலரின் அடித்தட்டுக்கும் இடையே உள்ள தடை. பிந்தைய மெதுவான ஏற்றம்தான் கூலர், விசிறி, கேபினெட், அறை ஆகியவற்றின் பங்கு.

பாய்ச்சல் பெரிதாகவும் ஏற்றம் சிறிதாகவும் இருந்தால், நீர்க் கூலருக்கான 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வாங்கினாலும் பெரிய பலன் இராது. வோல்டேஜைக் குறைக்க வேண்டும். பேஸ்ட் சரியாகப் பரவியிருக்கிறதா, கூலர் நான்கு மூலையிலும் சமமாக அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில், நீளமான சிப்பை நடுவில் மட்டும் அழுத்தும் தாழ்ப்பாள் மூடியைச் சற்றே வளைத்துவிடுவது தெரிந்த சிக்கல். அதற்காகவே தனிச் சட்டங்கள் விற்கின்றன. அண்மைய ரைசன் சிப்புகளில் கோர்கள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால், கூலரைச் சில மில்லிமீட்டர் தள்ளி மாட்டும் பட்டைகளை நாக்டுவா முதலிய நிறுவனங்கள் தருகின்றன. மாறாக, பாய்ச்சல் அளவாக இருந்து, அரைமணி நேரம் ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி காற்றோட்டம். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் உள்ளே புதுக் காற்று போதவில்லை.

எந்தச் சுமையில் சோதிப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. பிரைம்95இல் ‘சிறிய எஃப்எஃப்டி’ என்ற சோதனை, ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் ஏவிஎக்ஸ் கட்டளைகளால் கணக்கீட்டு அலகுகளை ஓயாமல் வேலை வாங்கும். விளையாட்டு எதுவும் அந்த அளவுக்குச் சூடேற்றாது. அந்த எண்ணை மட்டும் வைத்து நல்ல ஓவர்கிளாக்கைக் கைவிடுவது தேவையற்றது. அதேபோல், விளையாட்டில் 65 டிகிரி காட்டுகிறது என்று நிம்மதியடைந்து, மறுநாள் இரவு முழுக்க வீடியோ ஏற்றுமதி செய்வதும் சரியல்ல. நீங்கள் உண்மையில் செய்யும் வேலைகளில் மிகக் கடினமானது எதுவோ அதுவே உங்கள் அளவுகோல்.

வேலையற்று இருக்கும்போது காட்டும் வெப்பநிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிப்புக்குள் உள்ள உணரிகள், உச்ச வரம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்று சொல்வதற்காக அமைக்கப்பட்டவை. வரம்பை நெருங்கும்போதுதான் அவற்றை நம்பலாம். முதல் தலைமுறை ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரி கூட்டியே காட்டின. அது தெரியாமல் பலர் அப்போது பதறிப்போனார்கள்.

அறை

கூலர்களையும் சிப்புகளையும் சோதித்து எழுதும் கட்டுரைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி உள்ள, குளிரூட்டப்பட்ட அறையில் எடுக்கப்பட்டவை. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ கத்திரி வெயில் நாளில் ஏசி இல்லாத அறை பிற்பகலில் 35 டிகிரி இருக்கும். காற்றாலோ நீராலோ குளிர்விக்கும் எந்த அமைப்பும் அறை வெப்பநிலையின் மேல்தான் நிற்கிறது. அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசஸரும் பத்து டிகிரி ஏறும். கசிவு காரணமாக அதற்கு மேலும் கொஞ்சம். மேலே போட்ட கணக்கில், 25 டிகிரி அறையில் 97 காட்டிய 5.1 ஜிகாஹெர்ட்ஸ் அமைப்பு, இந்த அறையில் 107ஐத் தொட வேண்டியிருக்கும். சிப் அதை அனுமதிக்காது. 100 டிகிரியில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சொன்ன வேகம் 5.1; கிடைக்கும் வேகம் அதற்குக் கீழே எங்கோ. 4.9 ஜிகாஹெர்ட்ஸ் அமைப்பு அதே அறையில் 92 டிகிரியில் நிலையாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதனால்தான் டிசம்பரில் செய்த ஓவர்கிளாக்கை மே மாதம் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். கணினியே அறையைச் சூடாக்குகிறது என்பதும் பலருக்கு நினைவில் வருவதில்லை. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 500 வாட் எடுத்தால், அந்த 500 வாட்டும் கடைசியில் அறைக் காற்றில்தான் சேருகிறது. கதவு சாத்திய சிறு அறையில் இரண்டு மணி நேரம் விளையாடினால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

அறையைவிடக் குளிராக்கினால் என்ன என்று மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடுகளைப் பற்றிச் சிலர் யோசிப்பார்கள். கடலோர ஊர்களில் அது ஆபத்து. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை சென்னையின் கோடையில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்துகள் அரும்பி மதர்போர்டில் சொட்டும். சாதனைகளுக்காக மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றுபவர்கள், சாக்கெட்டைச் சுற்றி ஈரம் புகாத கவசம் பூசிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். அன்றாடக் கணினிக்கு அது தேவையில்லை.

கூலரின் பங்கு

இவ்வளவு சொன்னதால் கூலரைக் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். நல்ல டவர் கூலரின் ஹீட் பைப், பொறியியலின் அழகான படைப்புகளில் ஒன்று. செம்புக் குழாய்க்குள் காற்றை நீக்கிவிட்டுச் சிறிதளவு நீர் வைத்து மூடியிருப்பார்கள். குறைந்த அழுத்தத்தில் அந்த நீர் அறை வெப்பநிலைக்குச் சற்று மேலேயே ஆவியாகி, தகடுகள் உள்ள முனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாகத் திரும்பிவரும். அதே பருமனுள்ள கெட்டிச் செம்புத் தண்டைவிடப் பல மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்தும். மோட்டார் இல்லை, கசிவு இல்லை, பத்தாண்டு ஆனாலும் பழுதாக எதுவும் இல்லை. 200 வாட்டுக்கு உள்ளே ஓடும் அமைப்புக்கு, இரட்டை டவர் காற்றுக் கூலரே போதும் என்பது என் உறுதியான கருத்து.

நீர்க் கூலரின் பலம் வேறு. நீருக்கு வெப்பக் கொள்ளளவு அதிகம்; சூடேற நேரம் எடுக்கும். ஐந்து நிமிடச் சுமைகளில் அது அற்புதமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். நீர் முழுதும் சூடாகி நிலைபெற இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். சோதனையை அதற்கு முன் நிறுத்தினால் எண் ஏமாற்றும். ரேடியேட்டரை மாட்டும்போது பம்ப் மொத்தச் சுற்றின் மிக உயரமான இடமாக அமைந்துவிடக் கூடாது. உள்ளே உள்ள காற்றுக் குமிழி மேலே ஏறி பம்பில் தங்கிவிடும். இன்னொன்று, காற்றுக் கூலரின் விசிறி மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்வழங்கல் பகுதிக்கும் காற்று வீசும். நீர்க் கூலருக்கு மாறியதும் அந்தக் காற்று நின்றுபோகிறது. ப்ராசஸர் 80 டிகிரியில் நிம்மதியாக இருக்க, அதற்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்கள் 110ஐத் தாண்டி, போர்டு தானாக வேகத்தைக் குறைக்கும் நிலை வரலாம்.

விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் கூடும், விசிறி எடுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். ஓரளவுக்கு மேல் இரைச்சலுக்குக் கிடைக்கும் பலன் இரண்டு மூன்று டிகிரிதான். ப்ராசஸரின் வெப்பநிலை நொடிக்குள் தாவுவதால் விசிறியை அதன் பின்னால் துரத்த விடுவதும் வீண். பயாஸில் விசிறி வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதம் வைத்தால் ஏறியிறங்கும் அந்த ஓலம் நின்றுவிடும்.

உள்வாசல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கு அண்மைக் காலத்தின் சிறந்த சான்று ஏஎம்டியின் எக்ஸ்3டி வரிசை. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ் (கோர்களுக்கு அருகிலுள்ள வேகமான) நினைவகத்தைக் கோர்கள் உள்ள சிலிக்கானின் மேல் அடுக்கினார்கள். கோர்களின் சூடு அந்த மேலடுக்கைக் கடந்துதான் மூடிக்கு வர வேண்டியிருந்தது. வெப்ப வரம்பு 90 டிகிரி. வழக்கமான ஓவர்கிளாக்கிங் பூட்டப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டியில் அதே கேஷைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோனார்கள். கோர்களும் புதிய தலைமுறையைச் சேர்ந்தவைதான் என்றாலும், இந்த இடமாற்றத்தோடு அடிப்படை வேகம் முந்தைய 7800எக்ஸ்3டியின் 4.2இலிருந்து 4.7 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏறியது, ஓவர்கிளாக்கிங்கும் திறந்துவிடப்பட்டது.

டிகிரி சொல்லாத ஆபத்து

100 டிகிரி என்ற எண்ணைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்கள். தவறான எண்ணுக்குப் பயப்படுகிறார்கள் என்றே நினைக்கிறேன். 2001இல் ஒளிபரப்பான ஒரு சோதனைக் காணொளி பலருக்கு நினைவிருக்கலாம்: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழற்றினால் அன்றைய ஏஎம்டி அத்லான் புகைந்து கருகியது, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்று எல்லாச் சிப்புகளும் பிழைத்துக்கொள்ளும். வெப்பத்தால் உடனே சாகும் ப்ராசஸர் அரிது. மெல்லக் கொல்வது வோல்டேஜும் மின்னோட்டமும்.

2023 ஏப்ரலில் சில ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகின. கூலர் போதாததால் அது நேரவில்லை. மெமரியை வேகமாக ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும், சில மதர்போர்டுகள், சிப்பில் மெமரிக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தன. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பை விதித்துப் புதிய பயாஸ் வெளியிட்டது. அடுத்த ஆண்டு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் நிலைகுலைந்தன. கோரின் கடிகாரச் சுற்று, அதிக வோல்டேஜிலும் வெப்பத்திலும் விரைவாக முதுமையடைந்ததுதான் மூலகாரணம் என்று இன்டெல் அறிவித்தது. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் (சிப்பின் உள்கட்டளைத் திருத்தம்), சிப் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் வந்த அடுத்த திருத்தம், சிப் வேலையற்றோ லேசான வேலையிலோ இருக்கும்போதும் கூடுதல் வோல்டேஜ் கேட்டதைச் சரிசெய்தது. இந்தக் கடைசி விவரத்தைக் கவனியுங்கள். லேசான சுமையில் வெப்பநிலை 45 டிகிரி காட்டும்; பார்ப்பவர் மகிழ்ந்திருப்பார்; ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் அந்த நொடிகளில் வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும். ஆகவே கண்காணிப்புத் திரையில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே வோல்டேஜின் உச்சத்தையும் வையுங்கள். ஏற்கெனவே சேதமடைந்த சிப்பை எந்த மைக்ரோகோடும் மீட்பதில்லை.

வெப்பநிலையைக் குறைத்தால் ஆயுளும் நீளும் என்பதும் உண்மையே. மிக மெல்லிய கம்பிகளில் பாயும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களை மெல்ல நகர்த்துகின்றன. மின்னோட்ட அடர்த்தியும் வெப்பநிலையும் கூடும்போது இந்த அரிப்பு வேகமெடுக்கிறது.

அமைக்கும் முறை

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் எதையும் மாற்றாமல், அறை வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, அரைமணி நேரச் சுமையில் வேகம், வாட், வோல்டேஜ், டிகிரி நான்கையும் பதிவு செய்யுங்கள். அடுத்து வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் இறக்குங்கள். ரைசன் சிப்புகளில், ஒவ்வொரு வேகத்துக்குமான வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் என்ற பயாஸ் அமைப்பில் மைனஸ் 10இல் தொடங்கிப் படிப்படியாகப் போகலாம், இன்டெலில் 0.02 வோல்ட் அளவுப் படிகள் போதும். ஒவ்வொரு படியிலும் கடும் சுமையில் மட்டும் சோதித்து நிறுத்திவிடக் கூடாது. குறைந்த வோல்டேஜின் பிழைகள் பல நேரம் கணினி சும்மா இருக்கும்போதுதான் வெளிப்படும். பிரவுசர் திறக்கையில் திடீரென்று மறுதொடக்கம் ஆகும். ரைசனில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வோல்டேஜ் போதாதபோது சிப் நின்றுவிடாமல் கடிகாரத் துடிப்பை நீட்டிச் சமாளிக்கும். திரையில் வேகம் அப்படியே இருக்கும், வெப்பநிலை இறங்கும், ஆனால் வேலை மெதுவாகும். உண்மையில் கிடைத்த வேகத்தைக் காட்டும் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியையும் சோதனை மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வோல்டேஜின் அடிமட்டம் தெரிந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். வோல்டேஜ் ஏற்றம் வேக ஏற்றத்தைவிடச் செங்குத்தாகத் தொடங்கும் இடம் ஒவ்வொரு சிப்பிலும் உண்டு. அதற்கு ஒரு படி கீழே நிற்பதே நல்லது. சுமையில் வோல்டேஜ் சரிவதை ஈடுசெய்யும் லோட்லைன் கேலிப்ரேஷனை உச்ச நிலையில் வைக்காதீர்கள்; சுமை திடீரென விலகும் கணத்தில் வோல்டேஜ் மேலே எகிறும், அந்த எகிறலைச் சாதாரண மென்பொருள் காட்டவும் காட்டாது. கடைசியாக, பயாஸில் மின்திறன் வரம்பையும் வெப்ப வரம்பையும் நீங்களே விதியுங்கள். தொழிற்சாலை வரம்பு 95 என்றால் 85 என்று வைக்கலாம். 7950எக்ஸ் போன்ற சிப்பைச் சாக்கெட்டில் 142 வாட்டுக்குள் அடக்கும் ஈகோ மோடில், பல கோர் வேலைகளில் இழக்கும் வேகம் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. இறங்கும் டிகிரியோ அதிகம். சில இன்டெல் சிப்புகளில் குளிர்ச்சிக்கு நேரடிப் பரிசே உண்டு: கோர் ஐ9-10900கே, 70 டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்டுமே தன் கடைசி 100 மெகாஹெர்ட்ஸைத் தரும்.

அதன் பிறகு எஞ்சுவது பராமரிப்பு. சூடேறிக் குளிரும் ஒவ்வொரு முறையும் மூடி சற்றே நெளிவதால், பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கி வெளியேறும். இரண்டு மூன்று ஆண்டில் முதல் பாய்ச்சல் பெரிதாகியிருந்தால் பேஸ்டை மாற்றும் நேரம் அது. பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூச விரும்புபவர்கள், கூலரின் அடித்தட்டு அலுமினியமாக இருந்தால் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். அதிலுள்ள காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும். மெதுவான ஏற்றம் கூடியிருந்தால், காற்று உள்ளே வரும் வலைகளிலும் கூலர் தகடுகளிலும் தூசி அடைந்திருக்கும். நீர்க் கூலரானால் குழாய்களின் வழியே ஆண்டுக்கணக்கில் நீர் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைந்திருக்கவும் கூடும். பம்பிலிருந்து குமிழிச் சத்தம் கேட்டால் அந்தக் கூலரை மாற்றிவிடலாம்.